நுதலிய பொருளும் இயல் வரைவும்
ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும் மாணவர்க்கு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும் பருவம் வந்துவிட்டால் வாழப்பாடியில் உள்ள என் வீட்டுத் திண்ணையில் மாணவர் கூட்டம் மிகுந்துவிடும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்தும் பேளூர்ப் பக்கத்திலிருந்தும் பேருந்தில் வந்து இறங்கும் அவர்களில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். கையில் ஒரு தலைப்பு இருக்கும். 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் சிறப்புகள்' என்றோ, 'சீறாப்புராணத்தில் இயற்கை' என்றோ, 'சேலம் மாவட்டத் தொழில்கள்' என்றோ அத்தலைப்பு அமைந்திருக்கும். "நல்லது தம்பி, இதில் நீர் என்ன சொல்லப் போகிறீர்?" என்று கேட்பேன். விடை வாராது. சிறிது நேரம் கழித்து, "சிறப்புகளைச் சொல்லப் போகிறேன் ஐயா" என்பார்.

அம்மாணவரைக் குறை கூறுதல் முறையாகாது. தலைப்பைக் கொடுத்த நாம், அத்தலைப்பிலிருந்து ஒரு கருத்தை வடித்தெடுக்கும் வழியைக் கற்பிக்கவில்லை. நானும் மாணவனாக இருந்த நாளில் இப்பிழையைச் செய்தவனே. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் எழுதி முடித்தபின் என் நெறியாளர், "இவை அனைத்தும் உண்மை; ஆனால் எதற்காக?" என்று ஒரே ஒரு வினாக் கேட்டார். விடை தேட ஓராண்டு ஆயிற்று. அவ்வோராண்டை இன்றைய மாணவர்க்கு மீத்துத் தருதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைப்பு வேறு, கருதுகோள் வேறு

தலைப்பு என்பது ஒரு நிலப்பரப்பின் பெயர். கருதுகோள் என்பது அந்நிலத்தைப் பற்றி நாம் சொல்லத் துணியும் ஒரு கூற்று. 'சீறாப்புராணத்தில் இயற்கை' என்பது தலைப்பு. அதை யாரும் மறுக்க இயலாது; ஏனெனில் அது எதையும் கூறவில்லை. 'உமறுப் புலவர் அரபு நாட்டைத் தமிழ் மருத நிலமாக்கிப் பாடுகிறார். எனினும் கதையின் அற்புதங்கள் நிகழுமிடத்துப் பாலையைப் பாலையாகவே நிறுத்துகிறார்' என்பது கூற்று. இதனை ஒருவர் ஏற்கலாம், ஒருவர் மறுக்கலாம், இருவருமே நூலைத் திறந்து பார்க்க வேண்டியவராவர். மறுக்க இடமுள்ள கூற்றே கருதுகோள் ஆகும். மறுக்கவே இயலாதது வாழ்த்துரையாக இருக்கும். அல்லது அகராதிப் பொருளாக இருக்கும்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. பவணந்தியாரின் நன்னூல், சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றை வகுக்குமிடத்து ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு ஆகியவற்றோடு 'நுதலிய பொருள்' என்பதையும் ஒரு தனியுறுப்பாக வைக்கிறது. நூற்பெயரும் நுதலிய பொருளும் தனித்தனியே எண்ணப்படுதலை மாணவர் உற்று நோக்க வேண்டும். பெயரைச் சொன்ன அளவில் பொருளைச் சொல்லியதாகாது என்பது நம் இலக்கணிகளின் துணிபு. கேட்போர் யார், பயன் யாது என்னும் வினாக்களுக்கும் பாயிரம் விடையிறுக்க வேண்டும் என்றனர். இன்று பல்கலைக்கழகங்கள் ஆய்வு முன்வரைவில் கேட்கும் வினாக்களும் பெரும்பாலும் இவையே.

முன்னோர் காட்டிய மூன்று வழிகள்

ஒரு நல்ல கூற்று எவ்வாறு பிறந்து வளர்கிறது என்பதற்குத் தமிழாய்வு வரலாற்றிலேயே தெளிவான சான்றுகள் உள்ளன.

முதலாவது, திராவிட மொழிகள் பற்றியது. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் என்னும் ஆங்கிலேய அலுவலர், 1816இல் வெளிவந்த காம்பெல் என்பாரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியிலிருந்து தோன்றியவை அல்ல. தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அதன் கருத்து. ஒரு கூற்றும் அதற்குச் சில சான்றுகளும் அங்கு இருந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் நூலின் பகுப்பைக் காணுங்கள்: ஒலிகள், வேர்ச்சொற்கள், பெயர், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை, சொல் ஒப்புமை. இப்பகுப்புத் தற்செயலாக அமைந்ததன்று. ஒரு மொழி மற்றொன்றிலிருந்து சொற்களை எளிதாகக் கடன் வாங்கும். எண்ணுப்பெயர்களையும் மூவிடப்பெயர்களையும் வினைவிகுதிகளையும் அத்துணை எளிதாக வாங்காது. ஆதலின் உறவை மெய்ப்பிக்க எவ்வெவ் விடங்களில் சான்று வேண்டுமோ, அவ்வவ் விடங்களே இயல்களாயின. கூற்றே இயல்களைப் பெற்றெடுத்தது.

இரண்டாவது, பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகள் பற்றியது. பிராமி எழுத்தில் அமைந்த அவற்றைப் பாகத மொழி என்றே அறிஞர் பலர் எண்ணிப் படித்தனர், பொருள் தெளிவாகவில்லை. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் நடைபெற்ற கீழைத்தேயக் கலை மாநாட்டில், அவற்றின் மொழி தமிழே என்னும் கூற்றை முன்வைத்தார். தமிழுக்கே உரிய எழுத்துகள் அங்கு இடம்பெறுதலை அவர் சான்றாகக் காட்டினார். அவர் படித்த ஒவ்வொரு சொல்லும் பின்னாளில் நிலைபெறவில்லை. ஆயினும் கூற்று நிலைபெற்றது. அவ்வழியே சென்ற ஐராவதம் மகாதேவன், 1965இல் புகளூர்க் கல்வெட்டைப் படித்து, மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களைச் சங்க இலக்கியம் கூறும் சேரர் வரிசையோடு ஒப்பிட்டார். அப்புகளூர் நமக்குத் தொலைவிலுள்ள ஊரன்று. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூருக்குக் காவிரியின் அக்கரையில் உள்ளது. 2003இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஒரு சரியான கூற்றுக்குப் பின்வருவோர் எண்பது ஆண்டுகள் உழைக்க இடமிருந்தது.

மூன்றாவது, நம் துறைக்கு நெருக்கமானது. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ், தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி எழுதிய ஆய்வு 1953இல் நூலாக வெளிவந்தது. அந்நாளில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றொரு பரப்பு உண்டு என்பதையே பலர் அறியார். சீறாப்புராணம் என்னும் ஒரு பெயரோடு பலரது அறிவு நின்றுவிட்டது. ஆகவே 'இத்துணை நூல்கள் உள்ளன. இவை தமிழ் மரபின் பல வகைகளையும் தழுவி நிற்கின்றன' என்பதே அன்று மெய்ப்பிக்க வேண்டிய கூற்றாக இருந்தது. அதன் பின்னர் அவர் தம் ஆய்வைக் காப்பியங்கள் என்னும் ஒரு வகைக்குள் குறுக்கி ஆழப்படுத்தினார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனப் பேராசிரியராக அமர்ந்து, அதன் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதும் பணியை நடத்தினார்.

இங்கே மாணவர் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். உவைஸ் அவர்கள் மெய்ப்பித்துவிட்டதை நாம் மீண்டும் மெய்ப்பிக்க முயலுதல் ஆய்வாகாது. 1953இல் கூற்றாக இருந்தது இன்று அனைவரும் ஒப்பிய செய்தி. 'சிறப்புகள்' என்னும் தலைப்பு இன்று வெறுமையாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. முன்னோர் நிறுத்திய இடத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தலே நம் கடன்.

வினாவிலிருந்து கூற்று

கூற்று வானிலிருந்து விழுவதன்று, வினாவிலிருந்து பிறப்பது. எனவே தலைப்பைப் பெற்ற மாணவர் முதலில் 'ஏன்', 'எவ்வாறு', 'எங்கு இல்லை' என்னும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். 'யாது' என்னும் வினா பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடும்.

நம் ஊர்ப்புறத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையின் இருமருங்கும் பாக்குத் தோட்டங்களும் மரவள்ளிக் காடுகளும் உள்ளன. 'சேலம் மாவட்ட ஜவ்வரிசித் தொழில்' என்னும் தலைப்பை ஒரு மாணவர் எடுத்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாப் பகுதியிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. அந்நாளில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. இது செய்தி. 'ஏன்' என்று கேட்டால் 'போரினால்' என்னும் விடை வரும். அங்கே நின்றுவிடலாகாது. போர் 1945இல் முடிந்துவிட்டது. தொழில் ஏன் முடியவில்லை? 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாகுமளவுக்கு அது ஏன் வளர்ந்தது? இவ்வினா எழுந்தவுடன், 'போர் இத்தொழிலைத் தொடங்கி வைத்தது. அதனை நிலைக்கச் செய்தது வேறு' என்னும் கூற்றின் முதல் வடிவம் கிடைத்துவிடுகிறது. அந்த 'வேறு' என்பது மானாவாரி நிலமா, கிழங்கு உழவரா, ஆலை முதலாளிகளா, வடநாட்டுச் சந்தையா என்பதே இனி ஆய்வு.

ஆலையில் கிழங்கு படும் பாட்டைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பாலாக்கி வடிகட்டுவர். திப்பி ஒருபுறம் நிற்கும். பால் தொட்டியில் தெளியத் தெளிய மாவு அடியில் படியும். வண்டி வண்டியாகக் கிழங்கு வந்தாலும் தெளிந்து நிற்கும் மாவே ஜவ்வரிசியாகும். செய்திகளைச் சேர்த்தல் கிழங்கு கொண்டு வருதல். வினாவெழுப்புதல் அரைத்தலும் வடித்தலும். கூற்று அடியில் தெளிந்த மாவு. திப்பியையும் சேர்த்துக் கட்டுரையில் இடுவோர் பக்கத்தை மிகுப்பர், பயனை மிகுக்கார்.

ஒரு பயிற்சி: தொழுகையும் நோன்பும்

இனி ஒரு கருதுகோளை முதலிலிருந்து இறுதி வரை ஆக்கிக் காண்போம். என்னிடம் வந்த மாணவி ஒருவர் கொண்டுவந்த வினா இது. அவர் வீட்டில் தமிழே பேசுவர். தெருவின் மறுபுறத்தில் உருது பேசும் குடும்பங்கள் உள்ளன. "எங்கள் பாட்டி தொழுகை, நோன்பு என்கிறார், எதிர்வீட்டுப் பாட்டி நமாஸ், ரோஜா என்கிறார். இருவரும் செய்வது ஒன்றே. சொல் ஏன் வேறாயிற்று ஐயா?" என்று கேட்டார். இதனினும் நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை. நூலகத்தில் பிறவாமல் வாசற்படியில் பிறந்த வினா அது.

முதற் கூற்று: 'தமிழ் முஸ்லிம்கள் தம் சமயச் சொற்களுக்குத் தூய தமிழையே கையாண்டனர், இவ்வாறு உலகில் வேறெந்த முஸ்லிம் மக்களும் செய்ததில்லை.' மாணவி பெருமிதத்தோடு இதனை எழுதி வந்தார். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள், ஓதுதல் என்று சான்றுகளும் தந்தார். சான்றுகள் அனைத்தும் மெய்யே. ஆயினும் கூற்று நிற்குமா எனச் சோதித்தல் வேண்டும். கூற்றைச் சோதிக்க ஒரே வழி, அதற்கு மாறான சான்றுகளை நாமே தேடிச் செல்லுதல்.

மாறான சான்று தேட நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. ஹஜ், ஜகாத், வுளூ, ஈமான், ஹலால், ஹராம் ஆகியவற்றை அதே பாட்டியார் அரபுச் சொற்களாகவே வழங்குகிறார். ஆகவே 'தூய தமிழையே' என்பது விழுந்தது. தொழுகைக்கு அழைக்கும் ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் 'பாங்கு' என்பர். அது தமிழுமன்று, அரபுமன்று, பாரசீகச் சொல். ஆகவே 'தமிழ் அல்லது அரபு' என்னும் இருகூற்றுப் பகுப்பும் விழுந்தது.

இரண்டாம் கூற்று: 'செயல்களுக்குத் தமிழும், கோட்பாடுகளுக்கு அரபும் கொள்ளப்பட்டன.' இது முன்னதினும் நன்று. ஆனால் வுளூச் செய்தலும் ஹஜ்ஜுக்குச் செல்லுதலும் செயல்களே. அவற்றுக்கு அரபுச் சொற்கள். மறுமை என்பது கோட்பாடு. அதற்குத் தமிழ்ச் சொல். எனவே இதுவும் நிற்கவில்லை. மாணவியின் முகம் வாடியது. "இரண்டும் போயிற்றே ஐயா" என்றார். "போகவில்லையம்மா; நீங்கள் இப்போதுதான் ஆய்வுக்குள் நுழைந்திருக்கிறீர்கள்" என்றேன்.

அதன் பின் 'உலகில் வேறெங்கும் இல்லை' என்னும் பகுதியைச் சோதித்தோம். எதிர்வீட்டுப் பாட்டியாரின் நமாஸ், ரோஜா என்பன அரபுச் சொற்களா? அல்ல. அரபில் அவை ஸலாத், ஸவ்ம். நமாஸும் ரோஜாவும் பாரசீகம். நமாஸ் என்பது இஸ்லாத்துக்கு முன்னரே ஈரானில் வணக்கத்தைக் குறித்த சொல். பாரசீகரும் தம் பழைய சொல்லையே புதிய வணக்கத்துக்கு ஆக்கிக்கொண்டனர். மலாய் மொழியை நோக்கினோம். அங்குத் தொழுகைக்குச் 'செம்பயாங்' என்னும் சொல் வழங்குகிறது; அது அம்மொழிக்கே உரிய பழஞ்சொல். நோன்புக்குப் 'புவாசா' என்பர். அது உபவாசம் என்னும் வடசொல்லின் திரிபு. ஆனால் ஹஜ், ஜகாத் என்னும் சொற்கள் பாரசீகத்திலும் மலாயிலும் தமிழிலும் அரபாகவே நிற்கின்றன.

இப்போது மூன்றாம் கூற்று தானே வடிவெடுத்தது: 'இஸ்லாம் வருமுன்னரே ஒத்த வழிபாட்டு வழக்கமும் அதற்குரிய சொல்லும் தமிழில் இருந்தவிடத்து அச்சொல்லே புதுப்பொருள் பெற்றது, நிகரான வழக்கம் இல்லாதவிடத்தும், சட்ட வரையறை நுண்ணிதாக வேண்டியவிடத்தும் அரபுச் சொல் நிலைத்தது, பாரசீகமும் மலாயும் காட்டும் பொதுப்போக்கோடு இது ஒத்துச் செல்கிறது.'

முதற் கூற்று பெருமை பேசியது; மூன்றாவது காரணம் பேசுகிறது. தொழுதலும் ஓதுதலும் நோன்பும் சைவர்க்கும் சமணர்க்கும் பொதுவாக இருந்த சொற்கள். பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்துக்கு வழங்கிய பெயர். அவற்றுக்கு விடப்பட்ட நிலக்கொடை 'பள்ளிச்சந்தம்' எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்படும். அதே சொல் பின்னர்ச் சோனகர் தொழும் இடத்துக்கும் ஆயிற்று. வந்தவர்க்கு இருந்தவர் சொல்லைக் கொடுத்தனர். வந்த சமயம் அதனை ஏற்றுக்கொண்டது. 'எமக்கு மட்டுமே' என்னும் பெருமையை இழந்த மாணவி, அதனினும் பெரிய உண்மையைப் பெற்றார்.

இயல் வரைவு

கூற்று கிடைத்தபின் இயல் வரைவு அமைத்தல் எளிது. கூற்றின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சான்றுக் கடமையை நம்மீது சுமத்துகிறது. அக்கடமைகளை வரிசைப்படுத்தினால் அதுவே வரைவு. அம்மாணவியின் கட்டுரைக்கு நாங்கள் அமைத்த வரைவு வருமாறு:

1. முன்னுரை: இரு வீட்டாரின் சொல்வழக்கு, அதிலிருந்து எழுந்த வினா, கருதுகோள், எல்லை. வழிபாடு, நோன்பு, தொழுமிடம், பெருநாள், கொடை, பயணம் ஆகிய துறைச் சொற்கள் மட்டும். உணவு, உறவுமுறைச் சொற்கள் இவ்வாய்வில் இல்லை.

2. பழஞ்சொல் புதுப்பொருள் பெற்றவை: தொழுகை, நோன்பு, ஓதுதல், பள்ளி. ஒவ்வொன்றுக்கும் இஸ்லாத்துக்கு முந்திய வழக்கு, சீறாப்புராணம் முதலிய நூல்களில் வழக்கு, இன்றைய பேச்சு வழக்கு என மூன்று நிலைச் சான்றுகள்.

3. அரபாக நிலைத்தவை: ஹஜ், ஜகாத், வுளூ, ஹலால், ஹராம். நிகரான சொல் இல்லாமையா, வரையறையின் நுண்மையா என்னும் காரண ஆய்வு.

4. இடைப்பட்டவை: பாங்கு, ஒன்றுக்கு இரு சொல் வழங்குமிடங்கள், திருமணத்துக்குக் கல்யாணமும் நிக்காஹும் போல்வன. கருதுகோளுக்கு இடர் தருவன அனைத்தும் இவ்வியலில்.

5. ஒப்பீடு: உருது வழியாகப் பாரசீகம், மலாய்.

6. முடிவுரை: கருதுகோள் எவ்வளவு நின்றது, எங்குத் திருந்தியது, பின்வருவோர் செய்ய எஞ்சியது யாது.

இவ்வரைவில் நான்காம் இயலை மாணவர் உன்னிப்பாக நோக்குக. தமக்கு இடர் தரும் சான்றுகளைப் பலர் மறைத்துவிடுவர். மறைக்கப்பட்ட சான்றைத் தேர்வாளர் கண்டெடுத்தால் கட்டுரை முழுதும் ஐயத்துக்குள்ளாகும். நாமே அதற்கு ஓரியல் ஒதுக்கி நேர்மையாகப் பேசினால், நம் கூற்றின் எல்லை தெளிவாகும், வலிமையும் கூடும்.

வரைவைச் சோதிக்கும் முறை

வரைவு முடிந்தபின் ஒரு சோதனை உண்டு. ஒவ்வோர் இயலின் தலைப்பையும் ஒரு முழு வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். 'பள்ளி என்னும் சொல்' என்பதை, 'பள்ளி என்னும் சொல் சமணர் உறைவிடத்திலிருந்து சோனகர் தொழுமிடத்துக்குப் பெயர்ந்தது' என்று எழுதுங்கள். பின் அவ்வாக்கியங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். ஒரு வாக்கியம் அடுத்ததற்கு இட்டுச் சென்றால் வரைவு நன்று. இடம் மாற்றி வைத்தாலும் வேறுபாடு தோன்றாதாயின், அது வரைவன்று, பட்டியல்.

நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களும் இவ்விடத்தில் உரைகல்லாகப் பயன்படும். ஒரே சான்று இரண்டு இயல்களில் வந்தால் கூறியது கூறல். பள்ளி என்னும் சொல்லைப் பேசப் புகுந்து சமண சமய வரலாறு முழுவதையும் இருபது பக்கம் எழுதினால் மற்றொன்று விரித்தல். முன்னுரை விரிந்து பரந்து, முடிவுரை நான்கு வரியில் ஒடுங்கினால் சென்று தேய்ந்திறுதல். முன்னுரையில் கூறியதற்கு முடிவுரை மாறுபட்டு, மாறுபட்டமைக்குக் காரணமும் கூறாவிட்டால் மாறுகொளக் கூறல். இக்குற்றங்களை எழுதி முடித்தபின் களைதல் அரிது. வரைவு நிலையிலேயே களைதல் எளிது. கட்டி முடித்த சுவரை இடிப்பதினும் நூல் பிடிக்கும்போதே கோணலைத் திருத்துவது நன்றன்றோ!

சான்றுகளைத் தொகுக்கும்போது ஒரு செய்திக்கு ஓர் அட்டை என்னும் பழைய முறை இன்றும் நன்று. அட்டையின் தலையில் அது எவ்வியலுக்குரியது என்று குறித்தல் வேண்டும். எவ்வியலிலும் இடம்பெறாத அட்டை எத்துணை அழகிய செய்தியாயினும் விலக்கத்தக்கது. அல்லது வரைவே திருத்தத்தக்கது. இன்று கணிப்பொறியிலும் கைபேசியிலும் ஆயிரம் பக்கங்கள் நொடியில் கிடைக்கின்றன. கிடைத்தற்கருமை நீங்கிவிட்டது, தேர்ந்தெடுத்தற்கருமை பெருகிவிட்டது. தேர்வுக்கு அளவுகோல் நம் கூற்றேயன்றி வேறில்லை.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கும் ஒரு சொல் உண்டு. நம் பிள்ளைகள் நம்மைப் பற்றி ஆராயப் புகும்போது புகழுரையை மட்டும் எதிர்பார்த்தல் வேண்டா. 'எமக்கு நிகர் யாருமிலர்' என்னும் கட்டுரையை நாம் கைதட்டி ஏற்போம். வெளியார் ஒருவர் ஒரே எதிர்ச்சான்றால் அதனை வீழ்த்திவிடுவார். காரணம் காட்டும் கட்டுரை அவ்வாறு வீழாது. மாணவர் ஒருவர் தாம் நம்பியதற்கு மாறான சான்றைக் கண்டு அதனை அஞ்சாது எழுதினால், அவரைக் கடிந்துகொள்ளாமல் பாராட்டுதல் நம் கடமை.

மற்றொன்று. இவ்வாய்வுகளுக்குரிய முதன்மைச் சான்றுகள் பல பெரியோர் கையிலும் நாவிலும் உள்ளன. பள்ளிவாசல்களில் உள்ள பழைய திருமணப் பதிவேடுகள், குடும்பக் கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதப்பட்ட ஏடுகள், தாலாட்டுகள், நோன்பு மாத வழக்குச் சொற்கள் ஆகியன நூலகத்தில் கிடைப்பன அல்ல. அம்மாணவி தகவல் திரட்டிய மூதாட்டியருள் ஒருவர், கட்டுரை முடியுமுன்னரே காலமானார். அவர் சொன்ன சொற்கள் மாணவியின் அட்டைகளில் உள்ளன. கேட்கப்படாத சொற்கள் அவரோடு போயின. வினாவோடு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தலைப்பு நிலமென்பதும், வினா ஏரென்பதும், கருதுகோள் விளைவென்பதும், இயல் வரைவு அவ்விளைவைக் களஞ்சியம் சேர்க்கும் வழியென்பதும் பெறப்படும். மாணவர் தம் கருதுகோளை முதலில் ஒரே வாக்கியமாக எழுதுக. அதனை மறுக்கக் கூடியவர் யார் என எண்ணுக. அவர் கொணரும் சான்றை அவருக்கு முன்னரே தேடிக் காண்க. கூற்று திருந்தினால் வருந்தற்க, திருந்துதலே ஆய்வு. திருந்திய கூற்றின் கடமைகளை இயல்களாக வகுத்துக்கொண்டு எழுதத் தொடங்குக.

அம்மாணவியின் கட்டுரை இருபது பக்கமே. அதன் முடிவுரையில் அவர் தம் முதற் கூற்றையும், அது ஏன் விழுந்தது என்பதையும் ஒளியாமல் எழுதியிருந்தார். நான் படித்த ஆய்வேடுகள் பல. 'நான் இவ்வாறு எண்ணினேன். சான்று வேறாக இருந்தது' என்னும் பொருள்பட எழுதிய பக்கங்கள் சிலவே. அச்சிலவற்றுள் அதுவும் ஒன்று. திண்ணைக்கு அடுத்து வரவிருக்கும் மாணவரும் அத்தகைய ஒரு பக்கத்தையேனும் எழுதுவாராக.